விரலுக்கேத்த வீக்கம், வண்டிக்கேத்த ஸ்பிரிங்



எங்க வீட்டில் இரண்டு மாதமாக ஒரே பேச்சு. மாமாவின் ஆம்னி வேனுக்கு எந்த ஸ்பிரிங் போடுவது, எந்த ஷாக் அப்சார்பர் போடுவது? இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மாமாவின் பிழைப்பு, பாட்டியின் இடுப்பு வலி, நம்ம பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடம் மூன்றும் இதில் இருக்கிறது.

நம்ம ஆர்.கே.பேட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. மாமா தறிக்காரர்களுக்கு நூல் கொண்டு போய்க் கொடுத்து, துணிக் கட்டுகளை ஏற்றி வருவார். பாட்டியைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதே வண்டிதான். ஆம்னி 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 2019-ல் தயாரிப்பு நின்ற வண்டி. மாமாவிடம் இருப்பது மூன்றாவது கை மாறி வந்தது. பழைய ஓனர் அலாய் வீலும் அகலமான டயரும் போட்டிருந்தார். பின்னால் கேஸ் சிலிண்டர் இருக்கு (அது ஆர்.சி. புத்தகத்தில் பதிந்தது). மேலே கேரியர் மாமா போட்டது.

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் எல்லாம் சேர்ந்தபோது வண்டியே வேறு வண்டி ஆகிவிட்டது. லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். டயர் மட்கார்டில் உரசும். முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும். சும்மா போகும்போதோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் பாட்டி "ஐயோ முருகா" என்பார்.

யோசனை சொல்ல ஆளா இல்லை! ஒரு நண்பர், "பின்னாடி இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துடு, லோடு தாங்கும்" என்றார். வெளியூரில் ஒரு கடைக்காரர், "ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இறக்கிடலாம் சார், அப்புறம் சாயவே சாயாது" என்று பெரிய பில் சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஒரு பாகத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

பாடம் என்ன சொல்கிறது?

ஹூக் விதி நமக்குத் தெரியும். ஒரு ஸ்பிரிங் 100 கிலோவுக்கு 5 செ.மீ. அமுங்கினால், 200 கிலோவுக்கு 10 செ.மீ. அமுங்கும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் குறைவாக அமுங்கும், சரி. ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, திருப்பித் தள்ளும். தள்ளிவிட்டு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர் வேலை. அதற்குள்ளே எண்ணெய் சின்னச் சின்ன ஓட்டை வழியாகப் போகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடும். 'அலைவுகள்' பாடத்தில் வரும் தடையுறு அலைவு இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிவிட்டு, தேய்ந்த ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சும்மா போகும் வண்டியின் பின் சக்கரம் பள்ளத்தில் குதிக்கும். தரையில் ஒட்டாத சக்கரத்துக்குப் பிரேக் எப்படிப் பிடிக்கும்? அதிலும் ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே. ஓட்டும் விசை பின் சக்கரத்துக்கு. பின்பக்கம் ரொம்பக் கெட்டியானால், மழை நாளில் திருத்தணி மலைப் பாதை வளைவில் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். வண்டியை இறக்கினாலும் ஆபத்துதான். சக்கரம் மேலே போய்வர இடம் குறையும். லோடோடு ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் அடி நேராகப் பாடியில் விழும்.

மெக்கானிக் கேட்ட நாலு கேள்வி

கடைசியில் மாமா ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனார். அவர் நகரிப் பக்கத்துக்காரர். "ஏம் காவாலி தம்பி?" என்று பாதித் தெலுங்கில் ஆரம்பித்தவர், சாமான் விலை எதுவும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

1. வாரத்தில் எத்தனை நாள் லோடு, எத்தனை நாள் ஆள்?
2. பாரம் எங்கே உட்காருது? மேலேயா, பின்னாலயா, நடுவுலயா?
3. எந்த ரோட்டில் அதிகம் ஓடுது?
4. டயர் கம்பெனி சொன்ன அளவா?

இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் ஸ்பிரிங் பேச்சு என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. டாக்டரும் முதலில் மருந்து எழுத மாட்டார், நாடி பிடித்துப் பார்ப்பார் இல்லையா?

அப்புறம் அவர் செய்தது இதுதான். அகல டயரைக் கழற்றி, கம்பெனி அளவு வீலும் டயரும் போட்டார். வளைவு போன பட்டைகளை எடுத்துவிட்டுக் கம்பெனி பட்டை செட், புது புஷ், நாலு ஷாக் அப்சார்பரும் புதுசு. வீல் அலைன்மெண்ட். ஹெட்லைட்டை இறக்கி வைத்தார். கேரியரில் பாரம் வேண்டாம், கட்டுகளைக் கீழே, முன் சீட்டை ஒட்டி அடுக்கு, ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாதே என்றார். மாமாவுக்கு ஒரு நடை கூடுதலாகப் போக வேண்டியிருக்கு, டீசல் வண்டிக்காரர்களோடு போட்டி போடுவது கஷ்டம்தான். ஆனாலும் இப்போது ராத்திரியில் பயமில்லாமல் ஓட்டுகிறார்.

"அப்போ ரேஸ் கார்களில் மட்டும் இறக்குகிறார்களே?" என்று என் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் தடம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் நம்ம கோயம்புத்தூரில் வளர்ந்தவர். அந்தத் தடத்தில் ஸ்பீடு பிரேக்கர் இல்லை, துணிக் கட்டு இல்லை, பாட்டியும் இல்லை. அங்கே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர், எடை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி சேர்த்தே மாற்றுகிறார்கள். நாம் அதில் ஒன்றை மட்டும் காப்பியடித்தால், அடுத்தவன் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்ட கதைதான்.

சட்டமும் உண்டு. கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது.

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவரே சொல்லிவிட்டார். நண்பர்களே, நாளைக்கு லைசென்ஸ் எடுத்து பைக் வாங்கும்போது, சைலன்சர், டயர், ஸ்பிரிங் என்று கை அரிக்கும். அப்போது கடைக்காரரிடம் "எது பெஸ்ட்?" என்று கேட்காதீர்கள். "என் வண்டிக்கு, என் ரோட்டுக்கு, என் பாரத்துக்கு எது பொருந்தும்?" என்று கேளுங்கள். பின் சீட்டில் உட்காரப் போவது உங்க அம்மாவாகக்கூட இருக்கலாம்.



– பதினோராம் வகுப்பு, 'அ' பிரிவு