நான்கு தொகுதி அவமானம்

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். போன கோடையில் போட்ட தார்ச்சாலை ஒரே ஐப்பசி மழையில் பெயர்ந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. கவுன்சிலருக்கு எவ்வளவு, என்ஜினீயருக்கு எவ்வளவு என்ற கமிஷன் கணக்கும் வந்தது. பின்னாலேயே சித்தப்பா மகனின் கேள்வி: "உங்க கனடாவுல இதெல்லாம் நடக்குமாண்ணே?"

ஸ்கார்பரோவில் பதினெட்டு வருடமாக வசிக்கும் அண்ணனுக்குச் சாலையைவிட அந்தக் கேள்விதான் சுட்டது.

நடந்திருக்கிறது. 1998-ல் ஆறு நகராட்சிகளை இணைத்து இன்றைய டொரண்டோ மாநகராட்சி உருவானது. 2000 பிறந்தால் கணினிகள் தடுமாறும் என்ற பயம் வேறு. அந்த அவசரத்தில், 1999-ல் கணினிகளைக் குத்தகைக்கு எடுக்க மாநகர சபை ஒப்புதல் தந்தது: மூன்று ஆண்டு, 4.3 கோடி டாலர். சபையைக் கேட்காமலே மூன்று ஆண்டு ஐந்தானது. தொகையும் ஏறக்குறைய இரு மடங்கானது. குத்தகை நிறுவனத்தின் விற்பனையாளர், பட்ஜெட்டைக் கவனித்துவந்த கவுன்சிலரைத் தனி விமானத்தில் பிலடெல்பியாவுக்கு ஹாக்கி ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனதும் அம்பலமானது. கும்பகோணத்துக் கமிஷனைவிட இது எந்த விதத்தில் யோக்கியம்?

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் அண்ணனால் நிறுத்த முடிவதில்லை. விசாரணை வேண்டுமென்று 2002-ல் மாநகர சபையே தீர்மானம் போட்டது. நீதிபதி டெனிஸ் பெல்லமி விசாரித்தார். 2005 செப்டம்பரில் நான்கு தொகுதிகளாக அறிக்கை, 241 பரிந்துரைகள். யார் யாருக்கு விருந்து வைத்தார், எதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள், எல்லாம் அச்சில் இருக்கிறது. தன் அவமானத்தைத் தானே செலவு செய்து அச்சடித்த ஊர் என்று அண்ணன் மதிப்பது அதனால்தான்.

அதன் பலன்களில் ஒன்று, ஆதரவு தேடுவோர் பதிவேடு. ஒரு நிறுவனத்துக்காகக் கவுன்சிலரையோ அதிகாரியையோ பார்த்துப் பேசுகிறவர் பதிவு செய்தாக வேண்டும். யார், யாரை, என்ன விஷயமாகப் பார்த்தார் என்பதை வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம். டெண்டர் திறந்திருக்கும் காலத்தில் அந்தப் பேச்சுக்கும் இடமில்லை. சந்தேகம் இருந்தால் அதற்கென்று குறிப்பிட்ட அலுவலரிடம் மட்டுமே கேட்க வேண்டும்.

பதிவேடு வந்ததால் எல்லோரும் உத்தமர்களாகிவிடவில்லை. 2019-ல் மாநகரத் தலைமைக் கணக்காய்வாளர் மரம் பராமரிக்கும் குழுக்களின் ஜிபிஎஸ் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தார். வேலை நடந்ததாக எழுதிய நேரத்தில் வண்டிகள் காபிக்கடை வாசல்களில் நின்றிருந்தன. அதையும் வெளியிட்டார்கள்.

சொந்த ஊரை இளக்காரமாகப் பேசினால் மட்டும் அண்ணன் விடமாட்டார். டொரண்டோவில் கணினிக் குத்தகை கையெழுத்தாவதற்கு முந்தைய ஆண்டே, 1998-ல், ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்குத் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருந்தது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு நிற்கக் கூடாது என்கிறது. விதி எழுத நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளி பெட்டியில் விழும் முன்பு யார் யாரைப் பார்த்தார்கள் என்ற குறிப்புத்தான் நம்மிடம் இல்லை. அவர் ஆதங்கமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான்.

இத்தனையையும் தட்டச்சு செய்து அனுப்பியபோது ஊரில் விடிந்திருந்தது. தம்பியின் பதில் ஒரு புகைப்படம். பெல்லமி அறிக்கை வெளியான அடுத்த மாதம் இந்தியாவில் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியது. கேட்டிருப்பது மூன்று: சாலையின் எஸ்டிமேட், எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் நகல், பழுது வந்தால் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம் எந்தத் தேதியோடு முடிகிறது என்பது.