டூயோங் தீவுக்குப் போன சின்னப் படகு

பள்ளி விடுமுறையில் மகனை அழைத்துக்கொண்டு கோலத் திரங்கானு போயிருந்தேன். துணிப்பையோடு ஓர் அட்டைப்பெட்டியும் எங்களுடன் வந்தது. அதில் அவன் கையாலேயே செய்த சின்ன மோட்டார் படகு இருந்தது. தோட்டத்துக் குளத்தில் விட்ட அன்றே அது தண்ணீர் குடித்து மூழ்கிவிட்டது. "நமக்கெல்லாம் இது வராதுப்பா" என்று அவன் சொன்ன சொல் என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

திரங்கானு ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது டூயோங் தீவு. சுல்தான் மஹ்முட் பாலத்தின் வழியாகவே போய்விடலாம். மரப்படகு கட்டுவதில் பேர் பெற்ற ஊர். வரைபடம் ஏதும் கிடையாது. செங்கால் பலகைகளை மர ஆணிகளால் கோத்து, இடுக்குகளில் கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்கி, படகின் உடலை முதலில் எழுப்புவார்கள். உள்சட்டங்கள் பிறகுதான். இன்று அங்கே சில பட்டறைகளே எஞ்சியிருக்கின்றன.

அப்படி ஒரு பட்டறையில் இருந்த முதியவரிடம், "பாக் சிக்" என்று தயங்கியபடி மகன் படகை நீட்டினான். அவர் விசிறியை விரலால் சுழற்றினார். பாதிச் சுற்றில் இறுகி நின்றது.

"படகில் குறையில்லை. தண்டும் மோட்டாரும் ஒரே கோட்டில் இல்லை. கோணலாகச் சுற்றினால் குழாய் தேயும், தேய்ந்த வழியில் தண்ணீர் வரும்" என்றார்.

திருத்தும் வழியையும் சொன்னார். தண்டுக் குழாய் போகும் ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும். தண்டையும் மோட்டாரையும் நேரான ஒரு பித்தளைக் குழாயால் தற்காலிகமாக இணைக்க வேண்டும். மோட்டாரை முடுக்கி, கையால் சுழற்றி, தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே தண்டுக் குழாயைச் சுற்றிப் பசை வைக்க வேண்டும். பசை காய்ந்ததும் பித்தளையை எடுத்துவிட்டு வழக்கமான இணைப்பைப் பூட்டலாம். தண்டுக் குழாய்க்குள் நிறைக்கும் கிரீஸ்தான் தண்ணீருக்குக் காவல்.

பால்மரம் வெட்டும் எனக்கு அது உடனே விளங்கியது. கோட்டின் சாய்வு பிசகினால் பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்துவிடும் அல்லவா?

வீடு திரும்பி இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். மூன்றாம் நாள் மாலை, லயத்துப் பிள்ளைகள் கூடி நிற்க, படகு குளத்தின் அக்கரை வரை நேராகப் போயிற்று.

"அப்பா, அடுத்தது இன்னும் பெரிசா செய்யலாமா?" என்று கேட்டான்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் மூழ்கிய படகு ஒன்று மூலையில் கிடக்கலாம். எறிந்துவிடாதீர்கள், தண்டைச் சுழற்றிப் பாருங்கள்.