ஒலிப்பெட்டிக்கும் ஓர் ஆசனப்பட்டி

இலங்கையில் வாகனத்தின் முன்னாசனங்களில் அமர்வோர் ஆசனப்பட்டி அணிவது 2011 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. ஆட்களைக் கட்டிவைக்கப் பழகிவிட்டோம். பின்னால் டிக்கியில் ஏற்றும் பாரத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இன்னும் நமக்கு வரவில்லை.

என் சகோதரியின் மகன் அண்மையில் தன் சிறிய காருக்கு ஒரு சப்வூபர் பெட்டி வாங்கினான். பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி. பெட்டியுடன் நிறை 20 கிலோ. ஊருக்குப் போகும்போது சாமான் ஏற்றவும், டிக்கித் தளத்தின் கீழுள்ள மேலதிகச் சக்கரத்தை எடுக்கவும் வசதியாக, கழற்றக்கூடியதாகவே அது இருக்க வேண்டும் என்றான். நியாயம்தான். ஆனால் அதை அவன் கட்டவேயில்லை. கேட்டபோது, "மாமா, இவ்வளவு பாரமான பெட்டி எங்கை ஓடப்போகுது?" என்றான்.

பாரமாக இருப்பதுதான் ஆபத்து. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி அதே வேகத்தில் முன்னோக்கிப் பாயும். அது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழும் பெட்டியின் வேகம். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அமர்வது பின்னாசனத்தில். பெட்டிக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது ஆசனத்தின் முதுகு மட்டுமே.

அந்த முதுகு பலமானதுதானே என்று கேட்கலாம். ஐக்கிய நாடுகளின் 17 ஆம் இலக்க வாகன விதி, தலா 18 கிலோ நிறையுள்ள இரண்டு கட்டைகளைப் பின்னால் வைத்து, 50 கிலோமீற்றர் வேகத்திலேயே ஆசன முதுகைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையிலும் முதுகு ஓரளவு முன்னே வளைய அனுமதி உண்டு. வேகம் கூடினாலோ, முதுகின் கொளுக்கி சரியாக விழாதிருந்தாலோ அந்தக் காப்பும் போதாது.

ஆகவே நானும் அவனும் ஒரு மாலை நேரத்தைச் செலவிட்டோம். பெட்டியை ஆசன முதுகோடு இடைவெளியின்றி ஒட்டி வைத்தோம். ஓடத் தூரம் இல்லாத பொருள் முதுகில் வந்து அறையாது. பின்னர், லொறிகளில் பாரம் கட்டும் இறுக்குப் பட்டிகள் இரண்டைப் பெட்டியின் மேலாகக் குறுக்கே போட்டு, தளத்திலுள்ள இரும்பு வளையங்களில் மாட்டி இறுக்கினோம். கடைப் பைகளைத் தொங்கவிடும் பிளாஸ்ரிக் கொளுக்கிகள் இதற்கு உதவா. மோதலில் 20 மடங்கு விசை வந்தால் 20 கிலோ பெட்டி 400 கிலோவாக இழுக்கும். இழுபடும் றப்பர்க் கயிறும், அடியில் ஒட்டும் வெல்குரோவும் வளைவுகளில் பெட்டி நகராமல் தடுக்கும், மோதலில் தாங்கா.

இரும்பு வளையங்கள் இல்லாத கார்களில் தளத் தகட்டில் துளையிட்டு, அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து போல்ற் பூட்ட வேண்டும். மேலே கையால் திருகும் நட்டுப் போட்டால் கழற்றுவது எளிது. துளையிடுமுன் வாகனத்தின் அடியில் படுத்துப் பார்ப்பது அவசியம். எரிபொருள் தாங்கியும் அதன் குழாய்களும் பிறேக் குழாய்களும் அந்தப் பக்கம்தான் இருக்கும். துளையின் விளிம்புக்குப் பெயின்ற் பூசாவிட்டால் கொழும்பின் கடற்காற்றில் துருப்பிடிக்கும்.

வயரையும் மறக்கக்கூடாது. பெட்டிக்குப் பூட்டுள்ள பிளக் வைத்து, அம்பிளிபயரை நிறுத்திய பின்பே கழற்ற வேண்டும். தொங்கும் வயர் நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் அம்பிளிபயர் பழுதாகும். பற்றரியிலிருந்து வரும் தடித்த வயருக்குப் பற்றரியின் அருகிலேயே, 45 சென்ரிமீற்றருக்குள், பியூஸ் இருக்க வேண்டும். இல்லையேல் தோல் உரிந்த வயர் உடலோடு தொட்டதும் தீப்பிடிக்கும்.

பட்டியை அவிழ்த்துப் பெட்டியை வெளியே எடுக்க இப்போது அவனுக்கு இரண்டு நிமிடம் செல்கிறது. திரும்பக் கட்ட மூன்று நிமிடம். அவசரத்தில் இந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் நாள்தான் எனக்குப் பயம். கழற்றக்கூடிய பொருளின் பலவீனம் அதுதான்: ஒருமுறை கட்டியது போதாது, ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும்.