வலது கொடுத்தா, வலது வருதா?

லண்டன் ஐ, பிக் பென், பக்கிங்ஹாம் அரண்மனை... இங்கிலாந்து போயிட்டு வந்தவனிடம் ஃப்ரெண்ட்ஸ் கேட்கிற லிஸ்ட் இதுதான். ‘பக்மின்ஸ்டர் போனேன்’னு சொன்னால், ‘அது எந்த ஸ்டாப்பிங்டா?’ என்று முறைக்கிறார்கள். சொல்றேன், கேளுங்க பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு லெஸ்டரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்குத் தம்பி. வயசு 52. வாரம் அஞ்சு நாள் கம்ப்யூட்டர், மிச்ச ரெண்டு நாள் ரிமோட் விமானம். ‘‘மாப்ள, ஊர் சுத்தறதெல்லாம் அப்புறம். எனக்கு பி டெஸ்ட் வருது. நீதான் அசிஸ்டென்ட்!’’ என்று ஏர்போர்ட்டிலேயே சொல்லிவிட்டார்.

லெஸ்டரில் இருந்து மெல்ட்டன் மோப்ரே வழியாகக் காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பக்மின்ஸ்டர். லிங்கன்ஷயர் எல்லையை ஒட்டின குட்டி கிராமம். சுற்றிலும் வயல், நடுவில் புல் வெட்டின மைதானம், தலைக்கு மேல் முழு வானம். பிரிட்டிஷ் மாடல் ஃப்ளையிங் அசோசியேஷனின் தேசிய மையம் இங்கேதான் இருக்கிறது. 1922-ல் வேறு பெயரில் ஆரம்பித்த சங்கம் அது. தாத்தாக்கள் மடக்கு நாற்காலியும் டீ ஃபிளாஸ்க்குமாக வந்து உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்தை சபாவில் கச்சேரி கேட்பது மாதிரி கேட்கிறார்கள்!

இந்தச் சங்கம் தரும் சர்டிஃபிகேட்டில் ‘ஏ’ என்றால், தனியாகப் பத்திரமாக ஓட்டத் தெரியும் என்று அர்த்தம். ‘பி’ என்றால், சாகசம் செய்யும்போதும் விமானம் உன் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். காற்றை எதிர்த்து ஒரு லூப். காற்றோடு போய், உச்சியில் இருந்து கீழ்நோக்கி ஒரு தலைகீழ் லூப். அடுத்தடுத்து ரெண்டு ரோல். திரும்பி வந்து எதிர்ப்பக்கமாகச் சுழற்றி இன்னும் ரெண்டு. செங்குத்தாக ஏறி, வேகம் சாகப் போகிற நொடியில் வாலைத் திருப்பி, வந்த வழியே இறங்கும் ஸ்டால் டர்ன். கடைசியாக, மூணு சுற்று ஸ்பின். எந்தத் திசையைப் பார்த்து நுழைந்தோமோ அதே திசையைப் பார்த்து வெளியே வர வேண்டும்.

மாமாவின் விமானம் ‘வாட் ஃபோர்’. பிரிட்டனில் ரொம்பப் பிரபலமான மாடல். நாலடி இறக்கை, பேட்டரி மோட்டார். ஜூன் மாதம் அங்கே ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆபீஸ் விட்டு வந்ததும் பக்கத்து கிளப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவோம். நான் பின்னால் நின்று பேப்பரைப் பார்த்து, ‘‘மாமா, அடுத்து ரோல்’’ என்று சத்தம் போட வேண்டும். தலைகீழாகும்போது மூக்கு கீழே இறங்கும், கொஞ்சம் ஸ்டிக்கைத் தள்ளணும். லூப்பில் ஏறும்போது த்ராட்டில் கூட்டணும், இறங்கும்போது குறைக்கணும். இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். இதெல்லாம் நான் ஏரோடைனமிக்ஸ் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதின விஷயம். ஆனால் மூளைக்குத் தெரிந்தது கட்டைவிரலுக்குத் தெரிய மூணு மாசம் ஆகும் என்றார் மாமா.

‘‘லூப்பு, ஸ்பின்னெல்லாம் வந்துடும்டா. கஷ்டமே கடைசிலதான்.’’ உண்மைதான். சாகசம் எல்லாம் முடிந்ததும், இறங்குகிற மாதிரி வந்து, பத்தடிக்கும் கீழே இருந்து திரும்ப மேலே போகணும். அப்புறம், நாற்பது அடிக்கு மிகாமல், ஒரே உயரத்தில், எதிர்த்திசையில் ஒரு செவ்வகம். பிறகு, குறித்து வைத்த 30 மீட்டருக்குள் சக்கரம் தரையைத் தொடணும். மேலே தப்பு செய்தால் சரிபண்ண நேரம் இருக்கிறது. நாற்பது அடியில் ஏது நேரம்?

ஆனால், என்னைத் தொந்தரவு செய்தது இதெல்லாம் இல்லை. ஒவ்வொரு முறை பறக்க விடுவதற்கு முன்னாலும் மாமா செய்கிற ஒரு காரியம். விமானத்தின் பின்னால் நின்று, ஸ்டிக்கை அசைத்து, வாய்விட்டுச் சொல்வார். ‘‘வலது கொடுக்கிறேன். வலது ஏலரான் மேல வருது. சரி. இடது கொடுக்கிறேன்...’’ ஒரே சாயந்திரத்தில் அஞ்சு பேட்டரி மாற்றினால் அஞ்சு முறையும்!

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். காரணம் இருக்கிறது.

போன வருஷம் எங்க காலேஜ் டீம் போட்டிக்காக ஒரு விமானம் செய்தோம். நாலு மாச உழைப்பு. போட்டிக்கு முதல் நாள் ராத்திரி, ஹாஸ்டல் ரூமில் நானே ஒரு சர்வோவை மாற்றினேன். காலையில் ஜூனியர் பையன் கேட்டான், ‘‘அண்ணே, ஒரு தடவை செக் பண்ணிடலாமா?’’ ‘‘டைம் இல்லடா’’ என்று நான்தான் ட்ரான்ஸ்மிட்டரைப் பிடுங்கினேன். விமானம் கிளம்பியது. லேசாக இடது பக்கம் சாய்ந்தது. வலது கொடுத்தேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் வலது கொடுத்தேன். அவ்வளவுதான். இறக்கை ரெண்டாக, எல்லோரும் வாயடைத்து நின்றார்கள்.

ஏலரான் தலைகீழாக வேலை செய்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னது, ‘‘ஏதோ லூஸ் கனெக்‌ஷன்.’’ சால்டரிங் பண்ணினது அந்த ஜூனியர். டீமே அவனைத் திட்டித் தீர்த்தது. நான் பேசாமல் இருந்தேன். அவன் அடுத்த வாரத்தில் இருந்து வொர்க்‌ஷாப்புக்கு வரவில்லை.

டெஸ்ட் நாள். சனிக்கிழமை காலை, பக்மின்ஸ்டர். ரெண்டு எக்ஸாமினர்கள். மாமாவின் முதுகு விறைப்பாக இருந்தது. ‘‘வலது கொடுக்கிறேன்...’’ ஆரம்பமானது. லூப் ரவுண்டாக வந்தது. ரோல் நேராகப் போனது. ஸ்பின், மூணு சுற்று எண்ணி டக்கென்று நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. நாற்பது அடி செவ்வகமும் ஓகே!

கடைசியில் லேண்டிங். விமானம் இறங்கி வந்தது... வந்தது... தரைக்கு மேலே மிதந்துகொண்டே போனது. சக்கரம் தொட்டபோது 30 மீட்டர் எல்லை பின்னால் இருந்தது.

எக்ஸாமினர் நல்ல மனுஷர். அவரே ஒரு வழி காட்டினார், ‘‘எதிர்க்காற்று சட்டென்று விழுந்துவிட்டதோ?’’ என்று. ஆமாம் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. மாமா தலையாட்டி மறுத்தார். ‘‘காற்று இல்லை. நான்தான் த்ராட்டிலை லேட்டாகக் குறைத்தேன்.’’

அன்றைக்கே இன்னொரு முறை முயற்சி செய்யலாம். மாமா கையை நீட்டி விரல்களைப் பார்த்தார். லேசான நடுக்கம். ‘‘இன்னைக்கு வேணாம்’’ என்று பேட்டரியைக் கழற்றிவிட்டார்.

காரில் நான் பேசவில்லை. அவரே சொன்னார், ‘‘காத்து மேல பழி போட்டா, அடுத்த தடவையும் லேட்டாதான்டா குறைப்பேன்.’’

பக்மின்ஸ்டரில் இருந்து சில மைல் தூரத்தில் உல்ஸ்தார்ப். 1642-ல் நியூட்டன் பிறந்த வீடு. பிளேக் பரவி கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது அவர் திரும்பி வந்து தங்கியது இங்கேதான். வீட்டுக்கு முன்னால் அந்த ஆப்பிள் மரம் இன்னும் இருக்கிறது. 1820-ல் புயலில் சாய்ந்து, வேரில் இருந்து திரும்பத் துளிர்த்த மரமாம். மரத்துக்குப் பக்கத்தில் நின்று அத்தை கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பற்றி மாமா யோசித்துக்கொண்டிருக்க, நான் போனை எடுத்தேன். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை மணி.

‘‘டேய்... அன்னைக்கு லூஸ் கனெக்‌ஷன் இல்லடா. நான்தான் சர்வோவை மாத்தினேன். ஏலரான் தலைகீழா இருந்தது. நீ செக் பண்ணச் சொன்னே, நான் பண்ணலை. ஸாரிடா.’’

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘‘தெரியும்ணே. உடைஞ்சதைப் பொறுக்கும்போதே பார்த்துட்டேன்.’’

‘‘அப்புறம் ஏன்டா சொல்லலை?’’

‘‘நீங்களே சொல்வீங்கன்னு நினைச்சேன்.’’

நான் ஊர் திரும்பின ரெண்டாவது வாரம் மாமாவிடம் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கையில் ‘வாட் ஃபோர்’, முகத்தில் முப்பத்திரண்டு பல். பாஸ்!

நாங்கள் இப்போது புது விமானம் கட்டுகிறோம். நடந்ததை டீம் முன்னால் நின்று சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஜூனியர் திரும்ப வந்துவிட்டான், ஒரு கண்டிஷனோடு. ஸ்டிக்கை நான் அசைக்க, பின்னால் நின்று அவன்தான் கத்துவான்.

‘‘வலது கொடுத்தா, வலது வருதா?’’

வருதுடா!