சொன்னவாறு எழுதிய கணக்கு

குத்தாலம் என்று ஊர்ப் பெயரைச் சொன்னவுடன், எதிரில் இருப்பவர் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்பார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு விடை சொல்லி வருகிறோம். அருவி இருப்பது தென்காசிக்கு அருகில், றகரத்தோடு. நம்முடையது தகரக் குத்தாலம். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், மேற்கே ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. மலை இல்லை, சாரல் இல்லை, பழத்தைப் பறிக்கும் குரங்கும் இல்லை. சற்று மேடான நிலத்தில் நிற்க வேண்டுமென்றால் இருப்புப்பாதையின் மேல்தான் ஏறி நிற்க வேண்டும். மற்றவை எல்லாம் வயல்.

உத்தாலம் என்னும் தலமரத்தால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பர். தேவாரம் பாடிய மூவரும் அறிந்த பெயர் வேறு. அவர்களுக்கு இது திருத்துருத்தி. வகுப்பில் 'துருத்தி' என்று சொன்னால் மாணவர்கள் கொல்லன் உலையையே நினைக்கிறார்கள். அது வேறு துருத்தி. இங்கே துருத்தி என்பது ஆற்றிடைக்குறை, அதாவது நீர் இருபுறமும் பிரிந்து ஓட நடுவில் நிற்கும் திட்டு. திருப்பூந்துருத்திக்கும் அப்பெயர் இவ்வாறே வந்தது. ஒரு காலத்தில் கோயில் ஆற்றின் நடுவே இருந்ததென்றும், பின்னர் ஆறு வடக்கே ஒதுங்கியதென்றும் ஊரில் சொல்வார்கள். ஆறு விலகிப் போய்விட்டது, பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நம் குடும்பத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே என்பதை நாற்பதைக் கடந்த பிறகுதான் உணர்ந்தோம்.

இங்கே காவிரியைக் காண வருபவர்கள் சற்று ஏமாந்துதான் போவார்கள். திருச்சியில் கடல்போல் கிடக்கும் ஆறு இது என்று நம்ப மாட்டார்கள். கல்லணையில் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பங்கு போகிறது. வெள்ளம் மிகுந்தால் மிச்சமெல்லாம் கொள்ளிடத்துக்கு. அதன்பின் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழனாறு என்று ஒவ்வொரு மகனாகப் பாகம் பிரித்துக் கொடுத்தபின் எஞ்சிய தாயைப் போல மெலிந்துதான் காவிரி எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறாள். ஆனால் அந்தப் பிரிவினையே நெல்லாகிறது. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934 முதல் ஜூன் 12 என்பது எங்கள் பக்கத்தில் ஒரு திருநாள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாளில் மதகு திறக்கப்படவில்லை, 2020இல்தான் மீண்டும் திறந்தார்கள். குறுவை இல்லாத அந்த ஆண்டுகளில் ஊரை விட்டுப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

எண்ணிக்கை என்ற சொல் வந்துவிட்டதால் விஷயத்துக்கு வருகிறோம். பேரூராட்சியின் மக்கள்தொகை பதினைந்தாயிரத்தை ஒட்டியது. கடைசியாக எண்ணியது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு அடுத்தது நடைபெறும் என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவித்தார்கள். இந்தச் செய்தியைப் படித்த அன்று நமக்கு நினைவில் எழுந்தது ஊரின் தொகையன்று, நம் வீட்டின் தொகை.

1991இல் நமக்கு வயது பத்து. பள்ளி ஆசிரியர் ஒருவர் பெரிய தாளோடு திண்ணையில் வந்து அமர்ந்தார். வாசல் நிலையில் காவியால் எழுதிய எண்ணை நாம் பல மாதங்கள் அழியாமல் காத்தோம். அப்பாயி, அப்பா, அம்மா, சித்தப்பா, அண்ணன், அக்கா, நாம் என ஏழு பேர். மாவட்டம் தஞ்சாவூர். அவ்வாண்டு இறுதிக்குள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்ந்தோம். 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் வந்தது. அம்மா அதே அடுக்களையில் நின்றபடியே மூன்று மாவட்டங்களில் சமைத்துவிட்டார்.

2001இல் அப்பாயி இல்லை. சித்தப்பா திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிருந்தார். அக்காவுக்குத் திருமணமாகியிருந்தது. அண்ணன் குவைத்துக்குப் போய் மூன்று ஆண்டுகள். வந்தவர் அண்ணனுக்குப் பாடம் எடுத்த அதே ஆசிரியர்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நாலு பேரு சார். நாங்க ரெண்டு பேரு, பெரியவன், சின்னவன்."

ஈசிசேரில் இருந்த அப்பா தலையைத் தூக்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவர் அவர். ஒரு காசு பிசகினாலும் இரவெல்லாம் உட்கார்ந்து தேடுபவர். "மூணுன்னு எழுதுங்க வாத்தியாரே. பெரியவன் இங்க இல்ல" என்றார். அவன் பெட்டியும் சைக்கிளும் இங்கேதானே இருக்கின்றன என்று அம்மா வாதாடினார். சைக்கிளை எண்ணுவதற்கு அவர் வரவில்லை என்றார் அப்பா. ஆசிரியர் மூன்று என்று எழுதினார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

விதிப்படி அப்பா சொன்னதே சரி. நம் நாட்டில் 1931 வரை ஒரே இரவில் நாடு முழுவதையும் எண்ணினார்கள். அந்த இரவில் எவர் எங்கே இருந்தாரோ அங்கேயே அவர் கணக்கு. பின்னர்ச் சில வாரங்கள் நீளும் முறை வந்தது. அக்காலத்துள் வீட்டில் இருந்தவர்களையே எழுதலாம். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் இறைவன் பகலில் துருத்தியிலும் இரவில் அக்கரையில் உள்ள வேள்விக்குடியிலும் உறைகிறார் என்று திருஞானசம்பந்தர் இரண்டு தலங்களையும் சேர்த்துப் பதிகம் பாடியிருக்கிறார். 1931இன் ஓரிரவு முறைப்படி எண்ணினால் எங்கள் சுவாமி வேள்விக்குடிக் கணக்கிலே போயிருப்பார். பகல் முழுதும் எங்களோடு இருந்தும் எங்களுக்கு ஒன்று குறைவு.

அம்மா பிறந்ததும் அந்த வேள்விக்குடியே. நடந்தே வரும் தொலைவு. பாலத்தைத் தாண்டினால் இக்கரை. ஆனால் பிறந்த இடம் எது, முன்பு வாழ்ந்த இடம் எது, ஏன் பெயர்ந்தீர்கள் என்று கணக்கெடுப்பில் கேள்விகள் உண்டு. ஆகவே ஏட்டின்படி அம்மா 'புலம்பெயர்ந்தவர்', காரணம் 'திருமணம்'. 2011இல் இந்தியாவில் இவ்வாறு பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அவர்களில் மிகப் பெரிய பிரிவினர் திருமணத்தால் இடம் மாறிய பெண்கள். ஓர் ஆற்றைத் தாண்டிய அம்மா அந்தக் கோடிகளில் ஒருவர். கடலைத் தாண்டிய அண்ணன் எதிலும் இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி, "அப்ப ஐயா, யாரு உண்மையில போனவங்க?" என்று கேட்டாள். நாம் மணி அடித்ததைக் காரணம் காட்டி வெளியே வந்துவிட்டோம்.

2001 பிப்ரவரி 28 இரவு வீடற்றோரை எண்ணினார்கள். அந்த ஆசிரியர் துணைக்கு நம்மை அழைத்தார். டார்ச் விளக்கோடு ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் போனோம். நடைமேடை ஓரத்தில் படுத்திருந்த முதியவர் ஒருவரிடம் சொந்த ஊர் எது என்று ஆசிரியர் கேட்டார். "ரயிலு நிக்கிற ஊரெல்லாம் நம்ம ஊருதான் தம்பி" என்றார் அவர். ஆசிரியர் சிறிது நேரம் பேனாவை எடுக்கவில்லை. பிறகு அவரை எங்கள் ஊர்க் கணக்கில் ஒருவராக எழுதினார். அந்த ஆண்டின் தொகையில் அம்முதியவர் இருக்கிறார், அண்ணன் இல்லை. திரும்பி வரும் வழியில் ஆசிரியரிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னோம். "நம்ம வேலை சொன்னதை எழுதறதுதான். சான்று கேட்க நமக்கு உரிமை இல்ல. உங்க அப்பா மட்டும் பேசாம இருந்திருந்தா நான் நாலுன்னே எழுதியிருப்பேன்" என்றார்.

எங்கள் இறைவனுக்கு வடமொழியில் உக்தவேதீசுவரர், தமிழில் சொன்னவாறறிவார். அன்று அந்த இருளில் நமக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. சொன்னவாறு எழுதுவாரும் ஊரில் இருக்கிறார்.

2008இல் அப்பா காலமானார். 2011இல் வேறோர் ஆசிரியை வந்தார். வீட்டில் அம்மா, நாம், மனைவி, கைக்குழந்தை. அம்மா ஐந்து என்றார். பெரியவன் வந்துவிடுவான், சீட்டு போட்டாயிற்று என்றார். கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நாம், யோசிக்காமல், அப்பாவின் குரலிலேயே, "நாலுன்னு எழுதுங்கம்மா" என்றோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆசிரியைக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். அன்று திருத்தியது எத்தனை விடைத்தாள் என்பது மறந்துவிட்டது. இந்த ஒரு திருத்தம் மறக்கவில்லை.

அண்ணன் ஊர் திரும்பினார், குத்தாலத்துக்கு அல்ல, தாம்பரத்துக்கு. பிள்ளைகளின் படிப்பு அங்கே. நாமும் 2014இல் கோவைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வந்துவிட்டோம். அம்மாவை எத்தனையோ முறை அழைத்தாயிற்று. பத்து நாள் இருப்பார். கார்த்திகை ஞாயிறு தீர்த்தவாரி, நடவு, கொல்லை வாழை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பேருந்து ஏறிவிடுவார். ஏழு பேர் இருந்த வீட்டில் இனி ஒருவர். கட்டுரையில் எத்தனை முறை 'நாம்' என்று எழுதினாலும் அந்தத் தாளில் அங்கே நாம் இல்லை.

சென்ற வாரம் தொலைபேசியில் இந்தச் செய்தியைச் சொன்னோம். இம்முறை எல்லாம் கைப்பேசியில் பதிவார்கள், விரும்பினால் வீட்டாரே இணையத்தில் நிரப்பவும் வழி உண்டு, உனக்குச் சிரமம் இல்லாமல் இங்கிருந்தே நாம் நிரப்பிவிடலாம் என்று விளக்கினோம்.

"நீ ஒண்ணும் அங்கேருந்து எழுத வேணாம். யாரு வராங்களோ அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"என்னம்மா சொல்லுவே?"

"பெரியவன், அவ பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, நீ, உன் பொண்டாட்டி, பாப்பா, நானு. எட்டு."

அப்படிச் சொல்லக் கூடாது, நாங்கள் இங்கேயும் எழுதப்படுவோம், ஒருவரை இரண்டு முறை எண்ணினால் கணக்குப் பிழையாகும் என்று தொடங்கினோம். அம்மா நடுவில் நிறுத்தினார்.

"அன்னிக்கு உங்க அப்பா இருந்தாரு, அப்புறம் நீ இருந்தே. இந்தத் தடவை திருத்தறதுக்கு இங்க யாருடா இருக்கா?"

பின்னர் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்றும், படித்துறையில் கடைசி இரண்டு படிகள் முழுகிவிட்டன என்றும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.