கடையும் கிடங்கும்

அபர்டீன் பஜாரில் வாழும் தமிழர்க்குக் கப்பலின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து சரக்கு வரத் தாமதித்தால் முதலில் வெறுமையாவது கிடங்கு. கடையின் முன்வரிசையோ சில நாள் நிறைந்தே தோன்றும். வாங்க வருபவர் தட்டுப்பாட்டை அறியார், கணக்கப்பிள்ளை அறிவார்.

உடலில் இரும்பின் நிலையும் இத்தகையதே. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மூன்று நான்கு கிராம்தான். அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில் அமைந்து உயிர்வளியைச் சுமக்கிறது, அது கடை. சேமிப்பைக் காக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதம் கிடங்கு. இரும்பை ஏற்றிச் செல்லும் வண்டி டிரான்ஸ்ஃபெரின். பரிசோதனைத் தாளில் ‘சீரம் அயர்ன்’ எனக் காண்பது அவ்வேளையில் வண்டியிலிருந்த சுமை மட்டுமே. காலைக்கும் மாலைக்கும் அது மாறும். அந்த ஓர் எண்ணை நம்பி முடிவுக்கு வருதல் தகாது என்பதே எங்கள் கருத்து.

எங்கள் மூத்த மகள் பஜாரிலிருந்து மேடேறும்போதெல்லாம் மூச்சு வாங்கினாள். பாடநூலைத் திறந்தால் அயர்ந்தாள். ஹீமோகுளோபின் 12.2 கிராம். கருவுறாத மகளிர்க்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை 12. ஆதலின் குறையேதுமில்லை, படிக்கச் சோம்பல் என்றனர் உறவினர். மருத்துவர் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொன்னார். வந்த எண் 7. அந்நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 15-க்குக் கீழிருந்தால் இரும்புக் குறைவு. கடை நிறைந்திருக்கக் கிடங்கு காலியாகியிருந்தது! உறவினரின் வாயை அந்தத் தாள் அடைத்தது. மாத்திரையைத் தேநீரோடு அன்றி எலுமிச்சைச் சாற்றோடு உட்கொள்கிறாள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய மகளிருள் 57 விழுக்காட்டினர்க்குக் குருதிச்சோகை என்றது. அவ்வாய்வு அளந்தது ஹீமோகுளோபினை. எங்கள் மகள் போன்றோர் அக்கணக்கில் சேரார்.

அன்னையாரின் நிலை வேறு. நெடுநாள் மூட்டழற்சி. ஹீமோகுளோபின் 10.1, ஃபெரிட்டினோ 130. அழற்சியோ தொற்றோ உள்ளபோது, கிருமிகளுக்கு இரும்பு கிட்டாதபடி உடல் கிடங்கைப் பூட்டிவிடுகிறது. சரக்கு உள்ளே இருந்தும் கடைக்கு வாராது. ஃபெரிட்டினும் உயர்ந்து நின்று உண்மையை மறைக்கும். அதனால் அத்தகையோர்க்கு 70 வரை ஐயத்துடனேயே பார்ப்பர். பேத்தியின் மாத்திரையையே தமக்கும் தருமாறு அன்னையார் நாள்தோறும் கேட்கிறார். வண்டியில் எத்தனை பங்கு நிறைந்துள்ளது, அழற்சி எவ்வளவு என்று பார்த்த பின்னரே சொல்ல இயலும் என்கிறார் மருத்துவர். திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றோடு, அவரை அழைத்துச் செல்கிறோம்.