48 வளைவுகள்... மூச்சுத் திணறும் பெட்ரோல் டேங்க்!

இத்தாலியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது ஸ்டெல்வியோ கணவாய். உயரம் 2,757 மீட்டர். பிராட்டோ கிராமத்திலிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் பொறித்த கல் இருக்கும். கீழே 48-ல் தொடங்கி, உச்சியில் 1-ல் முடியும்.

ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் 1820-ல் ஆரம்பித்து 1825-ல் முடித்த சாலை இது. குதிரை வண்டிகளுக்காகப் போட்ட பாதையில், இன்று கோடை வந்தால் போதும்... எம்.ஜி.பி., ஆல்ஃபா ரோமியோ என்று அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசைகட்டுகின்றன. 3,905 மீட்டர் ஓர்ட்லர் பனிச்சிகரத்தைப் பார்த்தபடி, கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுவது தனி சுகம்!

ஆனால், பழைய காரின் பெட்ரோல் டேங்குக்கு இது ஒரு பரீட்சை. காரணம், காற்று!

டேங்கும் மூச்சு விட வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். இதற்கு மூடியிலேயே சிறு துளை இருக்கும் அல்லது தனியாக ஒரு வென்ட் குழாய் இருக்கும். அது அடைத்துக்கொண்டால்தான் வம்பு.

பிராட்டோவிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாதி டேங்க் பெட்ரோலுடன் ஏறினால், உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேறத் துடிக்கும். பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கும். சூடான இன்ஜின் பக்கத்தில் கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

உச்சியில் மூடியைத் திறந்தால் 'உஸ்ஸ்' என்று காற்று வெளியேறும். 'சரியாகிவிட்டது' என்று மூடிவிட்டு இறங்கினால், கதை தலைகீழ்! இப்போது வெளி அழுத்தம் கூடும். டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வராமல் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும். குறுகலான வளைவில், பின்னால் பேருந்து வரும்போது இப்படி நின்றால் என்ன ஆகும்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

கார் திணறினால் வளைவைத் தாண்டி, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மூடியை மெதுவாகத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டு, அதன் பிறகு கார் ஒழுங்காக ஓடினால், குற்றவாளி வென்ட்தான். மூடியைத் திறந்தும் மாற்றம் இல்லையென்றால், பம்ப், ஃபில்டர், சூட்டில் பெட்ரோல் ஆவியாவது போன்ற மற்ற காரணங்களைப் பாருங்கள்.

கிளம்பும் முன்பே பார்க்க வேண்டியவை:

* மூடி அந்த காருக்கு உரியதுதானா? துளையுள்ள மூடி இருக்க வேண்டிய காரில் துளையில்லாததை மாட்டிவிடுவது சகஜம். கலிஃபோர்னியாவில் 1970 மாடலிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடலிலிருந்தும் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமானது. அந்த கார்களில் ஆவி கரி டப்பா வழியாகப் போகும், மூடி வேறு.

* வென்ட் ஹோஸ் மடங்கியிருக்கிறதா, துரு அல்லது பூச்சிக்கூடு அடைத்திருக்கிறதா? டேங்கிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும்.

* கழுத்து வரை பெட்ரோல் நிரப்பாதீர்கள். கரி டப்பா நனைந்தால் வீணாகிவிடும்.

மூடியில் நீங்களே துளை போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் பெட்ரோல் சிந்தும்.

ஸ்டெல்வியோ சாலை குளிர்காலம் முழுக்கப் பனியில் மூடிக்கிடக்கும். காரைச் சரிபார்க்க அந்த மாதங்களே போதும்!